‘தலை வலிக்கிறது’ என்பதும் விடைதான்

நம் பழைய மாணவர் சங்க மலர்க் குழுவினர் கேட்டது இரண்டு பக்கம். “தமிழய்யா மறைவையொட்டி ஒரு நினைவுக் கட்டுரை, புகைப்படம் இருந்தால் நலம்” என்று செய்தி அனுப்பியிருந்தார்கள். புகைப்படம் இல்லை. நம் பத்தாம் வகுப்புக் குரூப் போட்டோவில் தலைமையாசிரியருக்கு இடப்பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருக்கும்; அதுதான் தமிழய்யா. அன்றைக்கு அவர் ஏன் வரவில்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வோம். ஒன்றுக்கும் ஆதாரம் கிடையாது.

மூக்குப்பொடி டப்பா, மூங்கில் பிரம்பு, திருநெல்வேலிச் சுலோசன முதலியார் பாலத்தில் ஏறாமல் உருட்டிக்கொண்டே வருகிற சைக்கிள் இவற்றையெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் அவர் நடத்திய ஒரு பாடத்தை மட்டும் எழுதிவைக்கிறேன். பாடத்திட்டத்தில் இல்லாத பாடம். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் நடக்கும். கதைகளில் வருகிறவர்கள் ஒருவர் பேச்சை மற்றவர் ஏன் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதே பொருள்.

அது தொடங்கியது ஒரு கதவில். ஐப்பசி மாதம், சாரல் முதல் பெஞ்சு வரைக்கும் அடித்துக்கொண்டிருந்தது. கதவோரம் இருந்தவனைப் பார்த்து, “ஏலே, கதவைச் சாத்தலையா?” என்றார். அவன் எழுந்து நின்று, கைகட்டி, “இல்லை அய்யா” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். அடி விழும் என்று எல்லோரும் காத்திருந்தோம். விழவில்லை. அவனைக் கதவுக்குப் பக்கத்திலேயே நனைய நிறுத்திவிட்டு, கரும்பலகையில் வினா ஆறு வகை என்கிற நன்னூல் சூத்திரத்தை எழுதினார்: ‘அறிவு அறியாமை ஐயுறல் கொளல் கொடை ஏவல் தரும்வினா ஆறும் இழுக்கார்.’

“இவன் சொன்ன பதில்ல ஒரு குத்தமும் இல்லடே. கதவு சாத்தலைங்கது உண்மைதானே? நான் கேட்டது ஏவல் வினா. இவன் காதுல விழுந்தது அறியா வினா. கேள்வி ஒண்ணு, வகை ரெண்டு. இங்கனதான் லோகத்துல பாதிச் சண்டை.”

வகுப்பு மணியடிக்கிற வரை சிரித்தது. நின்றவனுக்கு அந்த வருஷம் முழுக்க ‘இல்லை அய்யா’ என்றே பெயர். அவன் யாரென்று உங்களுக்குத் தெரியும்; தெரியாத இளையவர்கள் இந்தக் கட்டுரை எழுதியவர் பெயரைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆறு வினாவும் எட்டு விடையும் நமக்கெல்லாம் ஐந்து மதிப்பெண் சமாசாரம். ‘இது செய்வாயா?’ என்று கேட்டால் ‘செய்வேன்’ என்பது நேர்விடை, ‘செய்யேன்’ என்பது மறைவிடை. ‘நீயே செய்’ ஏவல் விடை. ‘செய்யாமல் இருப்பேனா?’ என்பது வினா எதிர் வினாதல். ‘தலை வலிக்கிறது’ உற்றது உரைத்தல், ‘தலை வலிக்கும்’ உறுவது கூறல். ‘ஆடுவாயா?’ என்றால் ‘பாடுவேன்’ என்பது இனமொழி. ஒப்பித்துவிட்டுப் போய்விடுவோம். எட்டில் முதல் மூன்றுதான், அதாவது சுட்டு, மறை, நேர், நேரடியான விடை. பின்னால் வரும் ஐந்தும் கேட்பவன் தானாக ஊகித்து விடையாக்கிக்கொள்ள வேண்டியவை. நன்னூல் எழுதிய பவணந்தியார் 13-ஆம் நூற்றாண்டிலேயே அந்த ஐந்தையும் விடை என்று ஒத்துக்கொண்டுவிட்டார். தமிழய்யா பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். எட்டுக்கு ஐந்து பங்கு ஊகமென்றால், கதாசிரியனுக்கு விளையாட எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள்.

கரும்பலகையை நடுவில் கோடிட்டுப் பிரிப்பார். இடப்பக்கம் ‘அவர் கேட்டது’, வலப்பக்கம் ‘இவர் கேட்டது’. இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதே என்றால், அதுதான் தமிழ் என்பார். வினவுவதும் கேட்டல், செவியில் வாங்குவதும் கேட்டல். முதலாவது வாயால் கேட்டது, இரண்டாவது காதால் கேட்டது. ஒவ்வொரு காட்சிக்கும் பேச்சை வரிவரியாக இரண்டு பக்கமும் எழுத வேண்டும். பிறகு, சொன்னவருக்குத் தெரிந்து கேட்டவருக்குத் தெரியாதது என்ன என்று ஒரு வரி. கடைசியாக, மறுகேள்வி விழுந்திருக்க வேண்டிய இடத்தில் சிவப்புச் சாக்பீஸால் ஒரு சுழி. மறுகேள்வி என்பது அவர் வைத்த பெயர். ‘நீங்க சொன்னது இதுவா, அதுவா?’ என்கிற அந்த ஒரு கேள்வி. அது ஏன் விழவில்லை என்று சொன்னால்தான் முழு மதிப்பெண். ‘அவசரம்’ என்று எழுதினால் பூஜ்யம்.

முதலில் அவர் எடுத்துக்கொண்டது டிக்கன்ஸின் பிக்விக். 1836-37-இல் மாதாமாதம் வந்த கதை. பாளையங்கோட்டை நூலகத்தில் எடுத்துவந்து, ‘பிக்குவிக்கு’ என்று நம்மூர்க்காரர் போலவே ஆக்கிவிட்டார். பன்னிரண்டாம் அத்தியாயம். பிக்விக் தனிக்கட்டை, பார்டெல் அம்மாள் அவர் குடியிருக்கிற வீட்டுக்காரி, விதவை. ஒருவருக்குச் செலவு செய்வதைவிட இரண்டு பேருக்குச் செலவு ரொம்பக் கூடுமா என்று பிக்விக் அவளிடம் கேட்கிறார். அவர் மனதில் இருப்பது ஒரு வேலைக்காரனை அமர்த்துவது. ‘வேலைக்காரன்’ என்ற சொல்லை மட்டும் அவர் சொல்லவில்லை. அவளுக்குக் கேட்டதோ கல்யாணப் பேச்சு.

“உனக்குச் சட்டை இல்லையான்னு ஒருத்தன் கேட்டா, அவன் உன் பெட்டியக் கணக்கெடுக்க வரலை, சட்டை குடுக்கப் போறான்னு அர்த்தம். அது கொடை வினா. பிக்குவிக்கு கேட்டது ஐய வினா. அந்த அம்மா அதைக் கொடை வினாவா வாங்கிட்டா. குடுக்கப் போற சாமான், மாப்பிள்ளையே.”

அடுத்து வருகிற ஒவ்வொரு வாக்கியமும் இரண்டு அர்த்தத்துக்கும் பொருந்துகிற மாதிரி டிக்கன்ஸ் செதுக்கியிருப்பதை வரிவரியாகக் காட்டினார். தனியாக இருக்கிற உனக்கு இனிப் பேச்சுத்துணை ஆயிற்று என்கிறார் பிக்விக். உன் பையனுக்கும் ஒரு கூட்டாளி வருவான் என்கிறார். இரண்டு பக்கமும் பொருந்துகிறது. அந்த அம்மாள் மயங்கி அவர் கையில் விழுகிற நேரம் பார்த்து நண்பர்கள் உள்ளே வருகிறார்கள். வழக்கு நடந்து 750 பவுன் நஷ்ட ஈடு தீர்ப்பாகிறது. கட்ட மாட்டேன் என்று கடன்காரச் சிறைக்குப் போகிறார். மறுகேள்வி ஏன் விழவில்லை? அவள் கேட்டால் தன் ஆசை வெளிப்பட்டுவிடும். அவருக்கோ கேட்க வேண்டிய சந்தேகமே எழவில்லை. குற்றமற்ற மனசு மறுகேள்வி கேட்காது என்று பலகையில் எழுதிவிட்டு அடிக்கோடு போட்டார். எனக்கு அது முழுக்கச் சம்மதமில்லை. பிக்விக்குக்குத் தான் பேசுவதைத் தானே கேட்டுக்கொள்கிற பழக்கமும் உண்டு. அன்று சொல்லத் தைரியமில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வண்ணாரப்பேட்டைக்கு வந்துவிட்டார். அதாவது புதுமைப்பித்தனுக்கு. 1943-இல் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. திருவல்லிக்கேணிக்கு எப்படிப் போவது என்று கேட்கிறவருக்குப் பிள்ளை வழியையும் சொல்லி, ‘மதுரைக்கு வழி வாயிலே’ என்று பழமொழியையும் ஒட்டிவைக்கிறார். கேட்டவர், நான் மதுரைக்குப் போகவில்லையே என்கிறார். பழமொழியில் இருக்கிற ஊர் ஊரல்ல. அது தெரிய இந்த மண்ணில் நாலு நாளாவது வாழ்ந்திருக்க வேண்டும். கேட்டவர் கடவுள், அவருக்கு அந்த நாலு நாள் வாய்க்கவில்லை. அதே கதையில் பிள்ளை தம் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கேட்டபோது, யாருடைய ஆயுள் என்று கடவுள் கேட்கிறார். உமது ஆயுளுமல்ல, எனது ஆயுளுமல்ல, பத்திரிகையின் ஆயுள் என்கிற மாதிரி பதில் வருகிறது.

இங்கே தமிழய்யா எங்களைக் கவனிக்கச் சொன்னது வேறு. இந்தக் கதையில் புரியாமை ஒவ்வொன்றும் அடுத்த வரியிலேயே தீர்ந்துவிடுகிறது. மதுரையா என்றதும் இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். மறுகேள்வி உடனே விழுகிறது. ஆகவே யாருக்கும் சேதமில்லை, நமக்குச் சிரிப்பு. பலகையில் சிவப்புச் சுழியே இல்லாத ஒரே கதை அது.

அதே ஆசிரியரின் ‘சாப விமோசன’த்தில் அதற்கு நேர்மாறு. தீக்குளித்ததைச் சீதை சொல்கிறாள். அவர் கேட்டார், நான் செய்தேன் என்கிறாள். முதலில் ‘அவர் கேட்டாரா’ என்ற அகலிகை அடுத்து ‘அவன் கேட்டானா’ என்கிறாள். ‘ர்’ போய் ‘ன்’ வந்தது, அவ்வளவுதான். இங்கே தப்பாகப் புரிந்துகொண்டது யார்? ஒருவருமில்லை. முழுக்கப் புரிந்துவிட்டது, அதனால்தான் கல்லானாள். “எல்லாம் புரிஞ்சா நல்லதுன்னு நினைக்காதிய” என்று சொல்லிவிட்டு, அந்தப் பீரியடைப் பத்து நிமிஷம் முன்னாலேயே முடித்துவிட்டார். அது அவர் வாழ்க்கையில் நடந்த ஒரே அதிசயம் என்று நாம் பேசிக்கொண்டோம்.

தோன்றா எழுவாய் வந்தது பிறகு. ‘வந்தான்’ என்றால் யார் வந்தான்? எழுவாய் உள்ளே ஒளிந்திருக்கிறது. தெரிந்தவர்கள் பேசிக்கொள்ளும்போது அதுதான் வழக்கம், அதுதான் ஆபத்தும். இதற்கு அவர் வைத்த உதாரணம் ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’, 1815-இல் வெளியானது. எம்மாவுக்கு ஹாரியட் என்று ஒரு தோழி, எளிய இடத்துப் பெண். நான் இனிக் கல்யாணமே செய்துகொள்ளப் போவதில்லை என்கிறாள் ஹாரியட். தன்னைவிட உயர்ந்த இடத்தில் ஒருவரை மனதில் வைத்திருக்கிறாள் என்று எம்மாவுக்குப் புரிகிறது. அதுவரை சரி. அவர் உனக்குச் செய்த உதவிக்கு உன் மனசு இப்படிப் போவதில் ஆச்சரியமில்லை என்கிறாள் எம்மா. ஆமாம், அந்த உதவியை எப்படி மறப்பேன் என்கிறாள் ஹாரியட். பெயர் மட்டும் நம் வாயில் வர வேண்டாம் என்று எம்மாவே தடை போடுகிறாள்.

சிக்கல், உதவிகள் இரண்டு இருந்தன என்பதுதான். விருந்து நடனத்தில் எல்டன் என்கிறவன் ஹாரியட்டுடன் ஆட மறுத்து எல்லோர் முன்னும் அவமானப்படுத்துகிறான். நைட்லி எழுந்துவந்து அவளை ஆட அழைத்துப் போகிறார். மறுநாளே சாலையில் நாடோடிக் கூட்டம் அவளைச் சுற்றிக்கொள்ள, பிராங்க் சர்ச்சில் வந்து மீட்கிறான். ஒரே நாள் இடைவெளியில் இரண்டு உதவி, இரண்டு ஆண்கள். எம்மா நினைத்தது இரண்டாவதை. ஹாரியட் நினைத்தது முதலாவதை. ஏழு அத்தியாயம் தாண்டித்தான் உடைகிறது. சர்ச்சிலுக்கு வேறொருத்தியோடு ரகசிய நிச்சயம் ஆகியிருந்த செய்தி வந்து, ஹாரியட் ஐயோ என்று அழுவாள் என்று பார்த்தால் அவள் நிம்மதியாக இருக்கிறாள். அந்த நிம்மதியில்தான் எம்மாவுக்கு விளங்குகிறது. நைட்லியைத் தான் விரும்புவதும் அந்த நிமிஷத்தில்தான் அவளுக்கே தெரிகிறது.

இங்கே தமிழய்யா செய்த ஒரு காரியத்தை இன்றுவரை வேறெங்கும் நான் படித்ததில்லை. எம்மா போட்ட பெயர்த்தடைக்குப் பக்கத்தில் தொல்காப்பியத்து அகத்திணையியல் வரியை எழுதினார்: ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்.’ அகப்பாட்டில் யார் பெயரும் வரக்கூடாது. காதலைப் பேசும்போது பெயரை மறைப்பது இங்கிலாந்துக்கும் நமக்கும் ஒரே நாகரிகம்தான். நாகரிகம்தான் மறுகேள்வியை அடைத்தது என்பதே விடை. எம்மா திமிர் பிடித்தவள், அதனால் கேட்கவில்லை என்று எழுதியவர்களுக்கு இரண்டு மதிப்பெண். திமிர் உண்டு; ஆனால் கதவை அடைத்தது அதுவல்ல.

எச்சத்துக்கு வருகிறேன். தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும். அதுவரை காத்திருக்க வேண்டும். ‘கொடுக்க’ என்பதில் முடியவில்லை, ‘மாட்டேன்’ வந்தால்தான் முடிகிறது. இதை விளக்க எமிலி பிராண்டியின் 1847-ஆம் வருஷத்து நாவல் ‘வுதரிங் ஹைட்ஸ்’ஸை எடுத்தார். கேத்தரின், வேலைக்காரி நெல்லியிடம் மனசைத் திறந்து பேசுகிறாள். இப்போது ஹீத்கிளிஃபைக் கட்டினால் எனக்குத்தான் இழிவு என்கிறாள். அந்த வாக்கியம் அங்கே முடியவில்லை, அரைப்புள்ளிதான். அதே வாக்கியத்தின் பின்பாதியில், அவன் என்னைவிட நானாகவே இருக்கிறான், அதனால்தான் அவனை நேசிக்கிறேன் என்று வருகிறது. இருட்டில் பெஞ்சியில் இருந்த ஹீத்கிளிஃப் ‘இழிவு’ வரை கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். நெல்லி பார்த்தாள், உடனே சொல்லவில்லை. அவன் திரும்பி வர மூன்று வருஷம் ஆயிற்று; வரும்போது வேறு ஆளாக வந்தான். “அரைப்புள்ளியில எந்திரிச்சுப் போனவன்” என்று அவனுக்குப் பெயர். ஒட்டுக்கேட்டவன் எப்படி மறுகேள்வி கேட்பான்? கேட்டால் ஒளிந்திருந்தது தெரிந்துவிடுமே.

எச்சத்துக்கு நம்மூர் உதாரணம், சிலப்பதிகாரத்து வரி, உங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ‘கன்றிய கள்வன் கையது ஆகில் கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு.’ கொல்ல அச்சிலம்பு கொணர்க என்று சொல்ல நினைத்த பாண்டியன், வாய் தவறிக் ‘கொன்று’ என்றுவிட்டான் என உரை மரபில் ஒரு விளக்கம் உண்டு. கொல்ல என்றாலும் எச்சம், கொன்று என்றாலும் எச்சம். முன்னதில் விசாரணைக்கு இடமிருக்கிறது, பின்னதில் பிணம்தான் இருக்கிறது.

ஆனால் அவர் அதோடு விடவில்லை. அரசன் ஏன் அவசரமாக இருந்தான் என்று நாலு வரி மேலே போகச் சொன்னார். கூத்துப் பார்த்திருக்கையில் தேவிக்கு ஊடல். அதை மறைத்து, ‘தலைநோய் வருத்தம் தன்மேல் இட்டு’ எழுந்து போய்விட்டாள். தலை வலிக்கிறது என்றாள்! நம் இலக்கணப் பாடத்தில் வருகிற அதே தலைவலி. உற்றது உரைத்தல். யாரும் கேட்காத கேள்விக்கு விடை. பாண்டியன் அதைச் சரியாகவே புரிந்துகொண்டான், ஊடல் தணிக்கக் கிளம்பிவிட்டான். வாசலில் பொற்கொல்லன் குறுக்கே வந்தான். தேவியின் மறைபொருளை அவ்வளவு நுட்பமாகக் கேட்ட அதே காது, கொல்லன் பேச்சில் ஒன்றும் கேட்கவில்லை. இளங்கோ ‘தேரான் ஆகி’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறார். “நல்லாப் புரிஞ்ச ஒண்ணுதாம்டே அவனுக்கு மத்ததை மறைச்சுது.”

இன்னும் ஒரு சுழி உண்டு. போன காவலர்களே கோவலனைப் பார்த்துவிட்டு, இவன் கொலைப்படத்தக்கவன் அல்லன் என்று தயங்குகிறார்கள். தயங்கியவர்கள் அரண்மனைக்குத் திரும்பிப் போய்க் கேட்கவில்லை. கொல்லனிடமே பேசிக்கொண்டு நிற்கிறார்கள். அதற்குள் ஒரு குடிகாரன் வாளை வீசிவிட்டான். மறுகேள்வி மனதில் எழுந்து, தவறான ஆளிடம் கேட்கப்பட்ட இடம் அது. அந்தச் சுழியை மட்டும் அவர் இரண்டு தரம் சுழித்தார்.

ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவைச் சேர்க்கலாமா என்று யாரோ கேட்டார்கள். பொய் வேறு, புரியாமை வேறு. இயாகோ பொய்யன், அவன் நம் பாடத்தில் வர மாட்டான் என்று தள்ளிவிட்டார். மாரீசன் குரலும் அப்படியே. ஆனால் அந்தக் குரலைக் கேட்டும் அசையாமல் நின்ற இலக்குவனைச் சீதை படித்த விதத்தை விடவில்லை: ‘ஒரு பகல் பழகினார் உயிரை ஈவரால்.’ அவன் அசையாதது அண்ணன்மேல் உள்ள நம்பிக்கை. அவள் கண்ணுக்கு அது துரோகம். பேசாமலிருப்பதும் ஒரு விடை, எட்டோடு ஒன்பதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். பரீட்சையில் ஒன்பது என்று எழுதி மதிப்பெண் இழந்தவர்கள் நம்மில் நாலைந்து பேர் உண்டு.

கானல் வரிக்கு அவர் மூன்று வெள்ளிக்கிழமை எடுத்துக்கொண்டார். நமக்கெல்லாம் தெரிந்த கதை: கடற்கரையில் கோவலன் பாடினான், மாதவி பாடினாள், அவன் பிரிந்து போய்விட்டான். ‘சந்தேகம்’ என்று ஒரே சொல்லில் விடை எழுதியிருந்தோம். தாளை அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

முதல் வாரம் யாழ் கைமாறுகிற இடம். யாழை வாங்கி முதலில் பாடுகிறவன் கோவலன். காவிரியைப் பாடுகிறான்: சோழன் கங்கையைப் புணர்ந்தாலும் நீ புலவாய், வாழி காவேரி. அதாவது கணவன் வேறொருத்தியிடம் போனாலும் நீ ஊடமாட்டாய். இது வரிப்பாட்டின் வழக்கம். பாடுகிறவன் வேறு, பாட்டுக்குள் பேசுகிறவன் வேறு. மாதவி அதை அப்படிக் கேட்கவில்லை. இவன் மனதில் ஏதோ குறிப்பு இருக்கிறது, தன் நிலை மயங்கினான் என்று எடுத்துக்கொண்டாள். பாட்டின் கூற்றை அவன் சொந்தப் பேச்சாகக் கேட்டுவிட்டாள்.

இரண்டாம் வாரம் முழுக்க ஒரே ஒரு உருபு. ‘கலவியான் மகிழ்ந்தாள்போல் புலவியால் யாழ்வாங்கித் தானும்ஓர் குறிப்பினள்போல்.’ இரண்டு ‘போல்’. மகிழ்ந்தாள் அல்ல, மகிழ்ந்தாள் போல. குறிப்புடையவள் அல்ல, குறிப்புடையவள் போல. உள்ளே இருந்தது ஊடல் ஒன்றுதான். இந்தப் ‘போல்’ யாருக்குத் தெரியும்? இளங்கோவுக்குத் தெரியும், நமக்குத் தெரியும். எதிரே இருக்கிற கோவலனுக்கு யாழிசை மட்டும்தான் கேட்கிறது. உவம உருபு கேட்காது. ‘போல்’ தொக்கிப் போனால் உவமை உண்மையாகிவிடும். அதையே அவன் முடிவில் சொல்கிறான்: ‘கானல்வரி யான்பாடத் தான்ஒன்றின்மேல் மனம்வைத்து மாயப்பொய் பலகூட்டும் மாயத்தாள் பாடினாள்.’ யான் பாடியது வெறும் கானல் வரி, அவள் பாடியது மட்டும் மனசு. தனக்கு ஒரு சட்டம், அவளுக்கு ஒரு சட்டம். இரண்டு பேரும் செய்த தப்பு ஒன்றே என்பதை இரண்டு பத்தியிலும் ஒரே சொல்லை எழுதிக் காட்டினார்: பாட்டு.

கேட்டிருக்கலாமே? “யாரைப் பத்திப் பாடுனன்னு ஒரு கலைஞன் இன்னொரு கலைஞியக் கேட்டா, அவ பாட்டு தனக்கு விளங்கலைன்னு ஒத்துக்கிட்டதா ஆயிரும்லா?” அவ்வளவுதான் அவர் தந்த காரணம். எனக்கு இன்றும் அதைவிடச் சரியான காரணம் கிடைக்கவில்லை. சாதாரணக் கதையில் மறுகேள்வி விழாததற்கு ஒரே காரணம், விழுந்தால் கதை முடிந்துவிடும் என்பது. சினிமாவில் போனை எடுத்து ஒரு வார்த்தை கேட்டால் தீர்கிற சங்கதிக்கு இரண்டரை மணி நேரம் அழுகிறார்கள். பெரிய எழுத்தில் அந்த ஆள் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாதவனாகவே படைக்கப்பட்டிருப்பான்.

மூன்றாம் வாரம் கடிதங்கள். மாதவி தாழை மடலில் எழுதி வயந்தமாலையிடம் கொடுத்தனுப்பிய முதல் ஓலையைக் கோவலன் வாங்கவில்லை. ஆடல் மகள்தானே, நடிப்பது அவளுக்கு இயல்பு என்று மறுத்துவிட்டான். இரண்டாம் ஓலை, கௌசிகன் கொண்டுவந்தது, மதுரைக்குப் போகிற வழியில் கையில் கிடைக்கிறது. ‘என் பிழைப்பு அறியாது’ தவிக்கிறேன், நான் செய்த பிழை என்ன என்று எழுதியிருக்கிறாள். கானல் வரியில் விழுந்திருக்க வேண்டிய மறுகேள்வி அதுதான். ஆறு காதை தள்ளி, ஓலையில் வருகிறது. இப்போது அவனுக்கு விளங்கிவிடுகிறது, தீது தன்னுடையது என்று. விளங்கி என்ன, மூன்றாவது காதையில் கொலைக்களம். சிவப்புச் சாக்பீஸை அன்று அவர் தொடவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு அவர் நம்மில் பலருக்கு இன்லண்ட் லெட்டரும், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஏரோகிராமும் எழுதிக்கொண்டிருந்தார் என்பது தெரியும். எல்லாக் கடிதமும் ஒரே மாதிரி இருக்கும் என்று சங்கக் கூட்டத்தில் சிரித்திருக்கிறோம். சாரல் பிடித்துவிட்டது, ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது. தாமிரபரணியில் வெள்ளம் குறுக்குத்துறைக் கோயிலைத் தொட்டுவிட்டது. ஆனித்தேர் நிலைக்கு வந்துவிட்டது. இங்கே வளைகுடாவில் நாற்பத்தைந்து டிகிரி வெயில், மழையே கிடையாது அய்யா என்று நான் ஒழுங்காகப் பதில் எழுதியிருக்கிறேன். தகவலுக்குத் தகவல்.

மலருக்காக அந்தக் கட்டை எடுத்துப் பிரித்தேன். ஓரத்தில் பென்சிலால் வகை எழுதிக்கொண்டே போனேன். கை பழகிய பழக்கம். அருவியில் தண்ணீர் விழுகிறது என்பதற்கு நேரே, உற்றது உரைத்தல். கடைசிக் கடிதத்தில் செய்தி எதுவும் இல்லை. எழுத்து கோணியிருக்கிறது. ஒரே ஒரு கேள்வி: ‘இந்த வருஷமும் உனக்கு லீவு இல்லையா?’

என் பதிலின் நகல் என்னிடம் இல்லை. ஆனால் என்ன எழுதினேன் என்பது நினைவிருக்கிறது. கம்பெனி விதியையும் எத்தனை மாதத்துக்கு எத்தனை நாள் என்ற கணக்கையும் விளக்கமாக எழுதியிருந்தேன். அதற்கு மேலே, முதல் வரியாக: ‘இல்லை அய்யா.’